பீங்கான் ஓவியத் துணிக்கு எந்த க்வில்ட் வடிவம்?

பிப்ரவரி 9, வாசகர் கேள்வி

நீல வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் வருமே, அந்த வில்லோ ஓவியம் அச்சடித்த பருத்தித் துணி 3 கெஜம் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளைத் தரையில் நீலம். பாலம், அடுக்குமாடம், வளைந்த மரம், மேலே இரண்டு பறவைகள் எல்லாம் இருக்கின்றன. பீங்கானுக்குத் தட்டு வடிவம்தானே பொருத்தம்? அதனால், இதழ் இதழாக வெட்டிய துண்டுகளை வட்டமாகச் சேர்க்கும் டிரெஸ்டன் தட்டு வடிவத்தில் க்வில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே சந்தேகம்: தட்டுக்கு 16 இதழ் வைப்பதா, 20 இதழ் வைப்பதா? சோபாவில் உட்கார்ந்து மடிமேல் போர்த்திக்கொள்ளும் அளவு இருந்தால் போதும்.

பிப்ரவரி 9, இரவு

இரண்டும் வேண்டாம். முதலில் ஸ்கேலை எடுத்து, மாடத்தின் அடிப்படியிலிருந்து பறவையின் இறக்கை வரை எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லுங்கள். அந்த அளவு தெரியாமல் வடிவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

20 இதழ் வைத்தால் ஒவ்வோர் இதழும் 18 பாகைக் கோணம். 16 வைத்தால் இருபத்திரண்டரை. எப்படி வெட்டினாலும் வழக்கமான தட்டில் இதழின் அகன்ற முனை மூன்று அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும், உள்முனை அதைவிட மிகக் குறுகல். பாலம் ஓர் இதழில், பாலத்தில் நடப்பவர்களின் தலை வேறோர் இதழில் என்று போய்விடும். சாமிப்படக் காலண்டரைக் கத்தரித்துப் பட்டம் ஒட்டுகிற வேலை அது.

டிரெஸ்டன் தட்டு அமெரிக்காவில் பரவலானது 1920களிலும் 30களிலும். அப்போது பெண்கள் கையில் இருந்தவை வீட்டுத் துணியின் மிச்சங்களும் தீவன மூட்டைத் துணியும்தான். பெரும்பாலும் பொடிப்பூ அச்சு. பொடிப்பூவை எங்கே வெட்டினாலும் பூ பூவாகவே இருக்கும். அந்தத் துணிக்கென்று உண்டான வடிவத்தில் ஓர் ஊரையே வரைந்திருக்கும் துணியைக் கொண்டுபோய் நுழைத்தால் இரண்டுக்குமே மரியாதை இல்லை.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

ஸ்கேல் மட்டும் போதாது. பழைய அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து எட்டு அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் சட்டத்தைத் துணிமேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். சட்டத்துக்குள் எங்கெல்லாம் முழுக் காட்சி விழுகிறது, எங்கெல்லாம் வெறும் இலையும் கிளையும் விழுகின்றன என்பது உடனே தெரியும். கத்தியைத் தொடுவதற்கு முன் செய்யும் இந்த வேலையை நான் எந்தப் பெரிய அச்சுத் துணிக்கும் விடுவதில்லை.

பிப்ரவரி 10

காட்சி ஏழு அங்குல உயரம், ஆறரை அங்குல அகலம், 24 அங்குலத்துக்கு ஒருமுறை அச்சு திரும்ப வருகிறது, ஒரு சுற்றில் எட்டு முழுக் காட்சிகள் என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பேசலாம்.

உங்களுக்கு ஏற்றது அட்டிக் விண்டோ. சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிபோலத் துணியை முழுச் சதுரமாக வைத்து, இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் இரண்டு பட்டைகள் வைத்துத் தைப்பது. ஒரு பட்டை அடர்நிறம், மற்றது இடைநிறம். நிழல் விழுந்த சன்னல் விளிம்பு என்று கண் தானாக நம்பிவிடும்.

கணக்கு இது. சன்னல் தைத்த பின் எட்டு அங்குலம், ஆகவே வெட்டுவது எட்டரை. தையலுக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் போய்விடும். பட்டை தைத்த பின் இரண்டு அங்குலம், வெட்டுவது இரண்டரை அகலம், எட்டரை நீளம். இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலையில் சாய்வுத் தையல் போடுவதற்குச் சோம்பலாக இருந்தால் அங்கே ஓர் அரைச்சதுர முக்கோணக் கட்டம் வையுங்கள். இரண்டு நிறத்திலும் இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலச் சதுரம், அதாவது 2⅞, ஒவ்வொன்றை எடுத்து மூலைக்கு மூலை வெட்டி மாற்றித் தைத்தால் ஒரு சோடியில் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். ஆக முழுக் கட்டம் பத்து அங்குலம். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு என்றால் 50க்கு 60. மடிப்போர்வைக்கு அது தாராளம். 30 சன்னல்கள் வேண்டும். 3 கெஜம் என்பது 108 அங்குலம், அதில் நான்கு முழுச் சுற்றுகள் அடங்கும், நான்கு எட்டு 32. உங்கள் துணி இதற்கென்றே அளந்து வாங்கியதுபோல இருக்கிறது.

பட்டைத் துணி நிறத்துக்கு முக்கால் கெஜம் கணக்கில் வரும். ஒரு கெஜமாக வாங்குங்கள். முக்கால் என்பது கை நடுங்காதவர்களுக்கு.

பிப்ரவரி 10, மாலை

ஸ்னோபால் வடிவம் ஏன் கூடாது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடும். எட்டரைச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் மூன்று அங்குலச் சதுரம் ஒவ்வொன்றை வைத்து மூலைவிட்டத்தில் தைத்து, மிச்சத்தை வெட்டி, மடித்தால் எண்கோணம். முழு வட்டத் தட்டுகளாகவே அச்சடித்த துணிகள் உண்டு. அவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு. ஏழு அங்குல வட்டம் இந்த எண்கோணத்துக்குள் எங்கும் வெட்டுப்படாமல் உட்காரும். ஆனால் கேள்வி கேட்டவரின் துணியில் தட்டின் விளிம்பு இல்லை, காட்சி மட்டுமே. பறவைகள் மேல்மூலையில் இருக்கின்றன. எண்கோணம் ஆக்கினால் முதலில் போவது பறவைதான்.

பிப்ரவரி 11

"அது பழைய சீனத்துக் காதல் கதை, அதைத் துண்டாக்குவது பாவம்" என்று எழுதியவருக்கு: துண்டாக்க வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். காரணம் மட்டும் சரியில்லை. அந்தக் கதையைச் சீனாவில் போய்த் தேடினால் கிடைக்காது. வில்லோ ஓவியம் 1790 வாக்கில் இங்கிலாந்தில், சீனப் பீங்கானைப் பார்த்து, ஆங்கிலேயச் செதுக்குநர்கள் கூட்டிச் சேர்த்த படம். மாண்டரின் என்னும் சீன உயரதிகாரியின் மகள், கணக்கெழுதும் காதலன், சவுக்கோடு துரத்தும் அப்பா, கடைசியில் காதலர்கள் இரண்டு பறவைகளாகப் பறந்து போவது, எல்லாம் படம் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில் படத்துக்காகக் கட்டிய கதை. தட்டு நன்றாக விற்றது.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே ஆற்றங்கரையில் ஈஸ்ட் லிவர்பூல் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குயவர்கள் வந்து குடியேறிப் பீங்கான் சூளைகளாக நிரப்பிய இடம். அந்தப் பக்கத்துப் பழம்பொருள் சந்தைகளில் விளிம்பு உடைந்த வில்லோ தட்டுகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வாங்கி வந்து தையல் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பாலத்தில் மூன்று பேர். எந்தத் தட்டிலும் அப்பா காதலர்களைப் பிடித்ததில்லை.

பிப்ரவரி 11, இரவு

மேலே எழுதியது வெறும் கதை பேசியதாகத் தோன்றும். தையலுக்குத் தேவையான ஒன்றை விட்டுவிட்டேன்.

தட்டில் அந்தப் படம் எப்படி ஏறியது? செம்புத் தகட்டில் கோடும் புள்ளியுமாகச் செதுக்குவார்கள். அதில் நீல மை தடவி மெல்லிய தாளில் எடுத்து, தாளைத் தட்டின்மேல் ஒற்றுவார்கள். 1780களில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜோசியா ஸ்போட் இந்த அச்சை மெருகுப்பூச்சுக்கு அடியில் பதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதே செம்புத்தகட்டு அச்சு துணிக்கு வந்தது அதற்கும் முன்னால், 1752இல், டப்ளினுக்கு அருகே டிரம்கொண்ட்ராவில். பிரான்சில் ஓபர்காம்ப் 1760இல் தொடங்கிய ழூயி ஆலையும் 1770இலிருந்து இதே முறையில் ஒற்றை நிறக் காட்சித் துணிகளை அச்சடித்துக் குவித்தது. ஆக, தட்டும் துணியும் ஒரே உளியின் பிள்ளைகள். தட்டு ஓவியம் துணியில் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு அதுதான் காரணம்.

அதனால் என்ன என்றால்: இந்த வகை ஓவியத்தில் நிழலெல்லாம் பொடிக் கோடுகளால் ஆனது. கையில் வைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் எல்லாம் கரைந்து ஒரே மங்கல் நீலமாகிவிடும். அதன் பக்கத்தில் இன்னொரு பொடி அச்சு நீலத்தைத் தைத்தால் சன்னல் எது, சட்டம் எது என்று தெரியாது. பட்டைக்கு அச்சே இல்லாத துணி எடுங்கள். ஒன்று இரவு வானத்து அடர்நீலம், மற்றது சாம்பல் கலந்த வெளிர்நீலம்.

பிப்ரவரி 12

என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுப்போட்டுத் தைக்கிறாயே, கடையில் முழுத்துணியாகத்தானே கொடுத்தான்?" என்று கேட்டார். இந்த இழையில் நான் மூன்று நாளாகச் சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே. அவர் என்னைவிடச் சிக்கனமாகச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 13

நிறம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் க்வில்ட் பாழாவது பெரும்பாலும் வடிவத்தால் அல்ல, வெள்ளையால்.

கடையில் வெள்ளை என்று கேட்டால் பத்து வெள்ளை காட்டுவார்கள். பால் வெள்ளை, தந்த வெள்ளை, பனி வெள்ளை. பீங்கான் துணிக்குப் பழுப்புச் சாயல் உள்ள எதுவும் ஆகாது. பக்கத்தில் வைத்தால் பீங்கான் வெள்ளை சுத்தமாகவும், இது அழுக்காகவும் தெரியும். இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்ற குயவருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. அவருடைய மண் பாண்டம் வெளிர்மஞ்சள் சாயலில் வந்தது, சீனப் பீங்கானோ நீலம் படர்ந்த வெண்மை. 1779இல் அவர் கொண்டுவந்த முத்துநிறப் பாண்டத்தின் மெருகுப்பூச்சில் துளி கோபால்ட் சேர்த்தார்கள், மஞ்சள் மறைந்தது. நம் வீடுகளில் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே தந்திரம். ஆகவே நீலம் கண்ட வெள்ளையாக எடுங்கள்.

அடுத்தது நீலம். சீனத்திலும் ஹாலந்தின் டெல்ஃப்டிலும் ஜெர்மனியின் மைசெனிலும் பீங்கானுக்கு எல்லோரும் நீலத்தையே பிடித்துக்கொண்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல. மெருகுப்பூச்சுக்கு அடியில், சூளையின் உச்ச வெப்பத்தில், கருகாமல் நிலைத்து நிற்கும் நிறங்கள் மிகக் குறைவு. கோபால்ட் நிற்கும். கோபால்ட் நீலத்தில் ஊதாவின் சாயல் இருக்கும். அவுரி நீலம் சற்றுப் பச்சை, சற்றுச் சாம்பல். ஆகவே துணிக்கடையில் அவுரிச் சாயலில் இருக்கும் அடர்நீலத்தை எடுத்து இந்தத் துணியோடு சேர்த்தால் இரண்டும் தனித்தனியே நன்றாக இருக்கும், சேர்த்தால் முறைத்துக்கொள்ளும். குழல்விளக்கில் தேர்ந்தெடுக்காதீர்கள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மூன்றாவது நிறம் சேர்க்கலாமா? மஞ்சள் கொஞ்சம் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. சிவப்பு வேண்டாம். அமெரிக்காவில் நீலம், வெள்ளையோடு சிவப்பைச் சேர்த்தால் அது உடனே ஜூலை 4 விழாவின் கொடிப் போர்வை ஆகிவிடும், வில்லோ மரம் வெடி வெடிக்கப் புறப்பட்ட மாதிரி.

பிப்ரவரி 14

"உடைந்த தட்டுகள்" என்றே ஒரு வடிவம் இருக்கிறதே, பீங்கான் துணிக்கு அதைவிட என்ன வேண்டும் என்கிறார் ஒருவர்.

இதுவும் பெயர் பார்த்துப் பெண் எடுக்கிற கதைதான். அந்த வடிவம் முழுவதும் அரைச்சதுர முக்கோணங்கள். தைத்த பின் மூன்று அங்குலம் என்றால் மூன்றே முக்காலே அரைக்கால் சதுரத்தைப் பாதியாக வெட்டுவது. ஏழு அங்குலக் காட்சி மூன்று அங்குல முக்கோணத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தையல் குழுவில் ஒருவர் பெரிய பூச்சாடி அச்சை இந்த வடிவத்தில் தைத்துக் கொண்டுவந்தார். தையல் முனைகள் ஒன்றோடொன்று ஊசி முனையாகப் பொருந்தியிருந்தன. எல்லோரும் தையலைப் பாராட்டினோம். அது என்ன துணி என்று யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 14, பிறகு

இல்லை, இதை இப்படி முடிக்கக்கூடாது. படுக்கப் போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன்.

பெரிய காட்சிக்குத்தான் அந்த வடிவம் ஆகாது. பீங்கான் துணிகள் எல்லாமே பெரிய காட்சி அல்ல. கோப்பன்ஹேகன் பீங்கானில் 1775லிருந்து வரும் வரியோட்ட நீலப்பூ, மைசென் சூளையின் 1740 வாக்கிலான வெங்காயப் பூ ஆகியவற்றைப் பார்த்து அச்சடித்த துணிகளும் உண்டு. அவற்றில் மேல் கீழ் கிடையாது. சிறு கொடியும் மொட்டும்தான். (அந்த வெங்காயமும் வெங்காயம் அல்ல. சீனத்து மாதுளையையும் பீச் பழத்தையும் அடையாளம் தெரியாமல் ஐரோப்பியர்கள் வைத்த பேர்.) இந்த வகைத் துணியை அடர்நீல வெற்றுத் துணியோடு சோடி சேர்த்து உடைந்த தட்டுகள் தைத்தால், தரையில் சிதறிய ஓடுகளாக உண்மையிலேயே கண்ணைப் பிடிக்கும். நான் என் மகளுக்குத் தைத்தது அப்படி ஒன்று. வீட்டில் இன்றும் அதிகம் கை படுகிற போர்வை அதுதான்.

ஆகவே விதியை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: அச்சின் உருவம் எத்தனை அங்குலமோ, துண்டு அதற்குக் குறையக்கூடாது. உருவம் ஓர் அங்குலம் என்றால் நீங்கள் எதை வேண்டுமானாலும் தைக்கலாம், டிரெஸ்டன் தட்டு உட்பட.

பிப்ரவரி 16

அறுகோணத்தில் சுழற்றித் தைக்கும் கலைடாஸ்கோப் வகை பற்றிக் கேட்டவருக்கு. அச்சின் ஒரே இடத்தை ஆறு முறை அடுக்கி வெட்டி, ஆறு முக்கோணங்களைச் சுழற்றி வைத்தால் பனித்துகள்போல உருவம் மலரும். பீங்கான் அச்சில் அது அற்புதமாக வரும், ஏனென்றால் ஒற்றை நிறம் என்பதால் எதுவும் கலங்காது. ஆனால் ஆறு சுற்று வேண்டும். 24 அங்குலச் சுற்று ஆறு என்றால் 144 அங்குலம், 4 கெஜம். 3 கெஜத்தில் நான்கு சுற்றுதான். நான்கு சதுரங்களைச் சுழற்றிச் சேர்க்கும் எளிய வகைக்கு அது சரியாகப் போதும். ஆனால் துணி முழுவதும் அதற்கே போய்விடும், சன்னலுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டில் ஒன்று.

எனக்கு இந்த வகையில் ஒரு மனக்குறை உண்டு. சுழற்றிய பிறகு பாலமும் இல்லை, பறவையும் இல்லை, வெறும் பூக்கோலம். அந்தப் பூக்கோலத்தை எந்தத் துணியிலும் வரவழைக்கலாமே, பீங்கான் துணி எதற்கு?

பிப்ரவரி 17

பேச்சு துணியின் வரலாற்றுக்குப் போனதால் இது. நம் கரைக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள உறவை யாரும் தொடவில்லை.

17ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்கள் ஐரோப்பாவுக்குச் சீனப் பீங்கானையும் ஏற்றிச் சென்றன, சோழமண்டலக் கரையின் வண்ணமெழுதிய பருத்தித் துணியையும் ஏற்றிச் சென்றன. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் அந்தத் துணி போன வழிகள். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத நிறம் என்பதே ஐரோப்பாவைப் பைத்தியமாக்கியது. அவர்களுடைய நெசவாளர்கள் போட்ட கூச்சலில் பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியைத் தடுத்தது, 1721இல் அச்சுத் துணி அணிவதையே தடுத்தது. இன்று இங்கிலாந்தின் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வை என்று காட்டப்படுவது கும்பிரியாவில் லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது. துணி இந்தியாவிலிருந்து போனது.

துணி விலை கூடியபோது என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படுவது. கொஞ்சம் துணி கிடைத்தால் அதிலிருந்து மரத்தையும் பறவையையும் மட்டும் ஓரம் பார்த்து நறுக்கி எடுத்து, மலிவான வெள்ளைத் துணியின்மேல் பரப்பித் தைத்தார்கள். சிறு துணி பெரிய படுக்கைவிரிப்பை நிரப்பியது. 30 சன்னல் வெட்டிய பிறகு உங்கள் கையில் மிஞ்சும் இடுக்குத் துணியில் மரக்கிளையும் வேலித்துண்டும் படகும் இருக்கும். எறியாதீர்கள். தலையணை உறை ஒன்றுக்கு இதே முறையில் ஒட்டித் தைக்கலாம்.

பிப்ரவரி 18

தங்க நூல் யோசனை. உடைந்த பாண்டத்தை ஜப்பானியர்கள் அரக்கும் தங்கப் பொடியும் வைத்து ஒட்டுவார்கள், அதுபோல க்வில்டில் தங்கக் கோடு ஓடவிட்டால்?

முதலில் எரிச்சலாக இருந்தது. வாழ்த்து அட்டையெல்லாம் அந்தத் தங்க விரிசலைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பிறகு மேசையில் ஒரு கட்டத்தை வைத்துப் பார்த்தேன். தங்க நூல் மோசம்: ஊசிக்கண்ணில் பிரிகிறது, போர்வை உடம்பில் உரசுகிறது. மாறாகக் கடுகுமஞ்சள் பருத்தித் துணியை மெல்லிய பட்டையாக நடுவே செருகுவது நன்றாக இருக்கிறது. கட்டத்தைக் கோணலாக ஒரு வெட்டு வெட்டி, இடையில் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். ஓர் அங்குலப் பட்டை என்றால் தைத்த பின் அரை அங்குலக் கோடு தெரியும், கட்டத்தின் அளவு மாறாது. முக்கால் அங்குலப் பட்டை என்றால் கால் அங்குலக் கோடு தெரியும், கண்ணுக்கு அதுதான் அழகு, ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டம் கால் அங்குலம் சுருங்கும். ஆகவே சன்னலை முன்கூட்டியே பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

30 சன்னலில் இரண்டோ மூன்றோ மட்டும் இப்படி விரிசல் விட்டவையாக இருக்கட்டும். எல்லாவற்றிலும் செய்தால் பீங்கான் கடைக்குள் மாடு புகுந்துவிட்டுப் போனதாகத் தெரியும். இந்த யோசனை தந்தவருக்கு நன்றி என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் சன்னல் வடிவத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் ஒரு டிரெஸ்டன் தட்டாவது வைத்தே தீருவேன் என்கிறார். பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். பின்பக்கத் துணியின் நடுவில் ஒன்று வையுங்கள். 20 இதழும் வெவ்வேறு வெற்று நீலங்கள், வெளிரிலிருந்து அடர் வரை சுற்றிக்கொண்டு போகட்டும். நடு வட்டத்தில் மட்டும் வில்லோ துணியிலிருந்து மாடத்தைத் தேடி வெட்டி வையுங்கள். மிஞ்சும் இரண்டு காட்சிகளில் ஒன்று இதற்கு.

வட்டத்தின் ஓரம் மடிப்பதற்கு: துணியையும் மெல்லிய இடைத்துணியையும் நேர்முகம் சேர்த்து வட்டமாகத் தைத்து, இடைத்துணியின் நடுவில் கீறி, உள்வெளியாகத் திருப்புங்கள். விளிம்பு சொன்னபடி கேட்கும்.

பிப்ரவரி 20, சேர்க்கை

சன்னல்களை அடுக்கும்போது நிழல்பட்டை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று தைப்பதற்கு முன் தரையில் பரப்பிப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் தவறு பளிச்சென்று தெரியும். என் சன்னல் போர்வையில் வேண்டுமென்றே ஒரு காட்சியைத் தலைகீழாக வைத்தேன். விருந்தாளிகளில் குழந்தைகள் மட்டும்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சுற்றிக் கரை வைக்க வேண்டுமா என்றால், எனக்கு வேண்டாம் என்று படுகிறது. சன்னலுக்கு வெளியே இன்னொரு சன்னல் எதற்கு?

பிப்ரவரி 23

மேல்துணி, நடுப்பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கோடுகள். காட்சியின்மேல் சுருள் சுருளாகத் தைக்காதீர்கள். சீனத்தில் காங்ஷி பேரரசர் காலத்துச் சாடிகளில், அதாவது 1662க்கும் 1722க்கும் இடையே, ஆற்றுப் பனிக்கட்டி விரிசல் விட்டதுபோன்ற நீலத் தளத்தில் வெள்ளைப் பிளம் பூக்கள் இருக்கும். அந்த விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள்: நேர்கோடுகள், ஒழுங்கற்ற கோணங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது. சாதாரணத் தையல் இயந்திரத்திலேயே முடியும், வளைவே இல்லை. கோட்டுக்குக் கோடு இரண்டு அங்குலம் விடுங்கள். நெருக்கித் தைத்தால் போர்வை பலகையாகிவிடும், மடிமேல் படியாது.

நூல் வெளிர் நீலச்சாம்பல். வெள்ளை நூல் அடர்நீலத்தின்மேல் புள்ளி புள்ளியாகக் குத்தும், நீல நூல் வெள்ளையின்மேல் அழுக்காகத் தெரியும். சாம்பல் இரண்டிலும் அடங்கும்.

பிப்ரவரி 24

பின்பக்கத் துணி எவ்வளவு என்று கேட்டதற்கு: 50க்கு 60 போர்வைக்கு எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதல் வேண்டும், 58க்கு 68. 42 அங்குல அகலத் துணியில் 58 அங்குல நீளமாக இரண்டு வெட்டி இணைத்தால் 116 அங்குலம், அதாவது மூன்றேகால் கெஜம். இணைப்பைக் குறுக்காக வையுங்கள். நெடுக்காக வைத்தால் துணி கூடுதலாகப் போகும். ஓரப்பட்டைக்கு இரண்டரை அங்குலப் பட்டைகள் ஆறு, அரைக் கெஜத்தில் முடிந்துவிடும். அடர்நீலமே நல்லது, ஓரம்தான் முதலில் அழுக்காகும்.

அடர்நீலத்தை வெட்டுவதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் அந்தத் துணியை மட்டும் தனியாகத் தண்ணீரில் அலசி, சாயம் இறங்குவது நிற்கும்வரை மறுபடி மறுபடி அலச வேண்டும். தைத்து முடித்த போர்வையின் முதல் சலவைக்கு, சாயத்தை உறிஞ்சும் தாள் இரண்டு போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், நேரே கொடியில் விரியுங்கள்.